பொக்கைவாய் பிஸ்கட்

ஜனவரி 11

சின்னவனுக்கு அம்மா எழுதுவது.

கடிதத்தின் தலையில் அன்புள்ள என்று போட வேண்டும், என் நலத்தைச் சொல்லி உன் நலத்தைக் கேட்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் அப்படித்தான் எழுத வைத்தார்கள். எனக்கு முட்டி வலி, ரத்த அழுத்தம், மற்றபடி உயிர் இருக்கிறது. உன் நலத்தை நான் கேட்கப் போவதில்லை. பேனா அந்த இடத்தில் ஓட மாட்டேன் என்கிறது.

நீ சிறைக்குப் போய் இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அக்காவுக்காக எழுதுகிறேன். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பதில் போட்டால் கீழே சைக்கிள் கடைக்காரர் பெயருக்குப் போடு.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் பிள்ளை சுண்டெலியின் பள்ளிக்கூடப் பையை ஆணியிலிருந்து இறக்கினாள். நீ தூங்கிக்கொண்டே வண்டியை ஓட்டி, நின்ற லாரிக்கு அடியில் பிள்ளையைக் கொண்டுபோய்ச் செருகினாயே, அன்றிலிருந்து யாரும் தொடாத பை. உள்ளே ஒரு தாள் இருந்தது. பிள்ளையின் கோழிக்கிறுக்கல். அப்படியே எழுதுகிறேன்.

“பொக்க வாய் பிஸ்கட். கண்டுபுடிச்சது மாமாவும் நானும். அஞ்சு தடவ பெயில். ஆறாவது பாஸ். மாவு, வெண்ண, சக்கர, பால் பவுடர், அது.”

அது என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அளவு ஒன்றுமில்லை.

அக்கா தாளின் மடிப்பை விரலால் நீவிவிட்டாள். பிறகு சொன்னாள்: “அன்னைக்குக் காலையில இந்த பிஸ்கட்ட வாய்கிட்ட கொண்டாந்து நீட்டினாம்மா. ஷிப்டுக்கு நேரமாச்சு, சாயந்தரம் திங்கறேன்னுட்டுப் போயிட்டேன். என்ன ருசின்னுகூட எனக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு தின்னு பாக்கணும்.”

இரண்டு வருடத்தில் அவள் வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றுதான். தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை. கையைத் தூக்கினால் வளையல் முழங்கைக்கு ஓடுகிறது. நான் தட்டில் வைப்பதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் துணி ஆலைக்குப் போகிறாள், வருகிறாள், படுக்கிறாள்.

அந்த பிஸ்கட்டைத் தின்றவர்களில் மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். அளவை எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அம்மா


ஜனவரி 30

அன்புள்ள அம்மாவுக்கு மகன் எழுதுவது.

நான் நலம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே சமையல் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். பேக்கரி மாஸ்டர் என்று சொன்னேன், காய்கறி நறுக்கக் கொடுத்தார்கள்.

அளவு இது. மைதா இரண்டு கப். அதில் கால் கப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோள மாவு. வெண்ணெய் ஒரு கப். பொடித்த சர்க்கரை அரை கப். பால் பவுடர் மூன்று கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. முட்டை, சோடா கூடாது.

சுண்டெலிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்ததே, அப்போது ஆரம்பித்தது. “மாமா, எனக்கும் பல்லு இல்ல, பாட்டிக்கும் பல்லு இல்ல. எங்களுக்குன்னு ஒரு பிஸ்கட் போடு” என்றாள். நீங்கள் பிஸ்கட்டை டீயில் நனைப்பதும், அது உடைந்து விழுவதும், கரண்டியால் தேடுவதும் அவளுக்கு வேடிக்கை. “பாட்டி டீக்குள்ள மீன் புடிக்குது” என்பாள். நனைக்காமல் தின்கிற மாதிரி வேண்டும் என்றாள். பேக்கரியில் மதியம் ஓவன் சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டு பேரும் போட்டுப் பார்ப்போம். அவள்தான் பாஸ், பெயில் போடுவாள். முதல் தடவை ஓடு. இரண்டாம் தடவை பரந்து ஒரே தகடு. அப்படியே போயிற்று.

ஆறாவது தடவை மாவில் எதையோ போட்டாள். போடும்போது என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். அது என்னவென்று எனக்குத் தெரியாது. அது இல்லாமலே நன்றாக வரும்.

அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்


பிப்ரவரி 19

சின்னவனுக்கு.

முட்டி அப்படியே. மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

மாடி வீட்டில் தனியாக இருக்கும் டைப்பிஸ்ட் பெண்ணிடம் சின்ன ஓவன் இருக்கிறது. அக்கா ஷிப்டுக்குப் போனதும் ஏறிப் போய்ப் போட்டேன். முதல் தடவை அடி கருகி நடு வெந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை வெளியே எடுத்து ஆற வைத்தேன், கல். டைப்பிஸ்ட் பெண் ஒன்றைக் கடித்துவிட்டு, “பாட்டி, இத யாரு மேல எறியப் போறீங்க?” என்கிறாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய் மட்டும் நன்றாக வெந்திருக்கிறது.

உன் மேல்தான் என்று சொல்லவில்லை. எட்டு பிஸ்கட் இத்துடன் பார்சலில் வருகிறது. தின்று பார்த்துக் கோளாறு என்னவென்று எழுது.

அதென்ன புதிதாக நீங்கள், உங்கள்? பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிட்டாய். சிறையில் மரியாதை கற்றுக்கொடுக்கிறார்களோ? இல்லை, நான் யாரோ ஆகிவிட்டேனா?

உன் பெண்டாட்டி வந்து பார்க்கிறாளா? தாய் வீட்டோடு போனவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதவும் வேண்டாம். அவள் செய்த மூன்றை நான் மறக்கவில்லை. கல்யாணப் படத்தில் என்னை ஓரத்தில் நிறுத்தி என் பாதி உடம்பை வெட்டியது ஒன்று. நான் குறட்டை விடுகிறேன் என்று விருந்தாளிகள் முன்னால் சொன்னது ஒன்று. பூச்சி அரிக்காமல் இருக்க என் தகரப் பெட்டியில் கம்பளித் துணிகளுக்கு நடுவே முடிந்து வைத்திருந்த ஆரஞ்சுத் தோலை எடுத்துக் குப்பையில் எறிந்தது ஒன்று. எறியவே இல்லை என்று சாதித்தாளே, அதுதான் பொறுக்கவில்லை.

அது என்னவென்று யோசித்துப் பார்.

அம்மா


மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். பார்சல் வந்தது. வாசலில் ஒவ்வொரு பிஸ்கட்டையும் உடைத்துச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். உங்கள் பிஸ்கட்டை உடைக்க அந்தக் காவலர் மேசையில் தட்டினாராம். எனக்குத் துண்டுகளாக வந்தது.

கோளாறு மூன்று. வெண்ணெய் உருகி இருந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது, அந்தப் பதம். இரண்டாவது, மாவைப் பிசைந்திருக்கிறீர்கள். பிசையவே கூடாது, விரல் நுனியால் உதிர்த்துச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மூன்றாவது, பிடித்த மாவை அரை மணி நேரம் குளிரில் வைக்காமல் சூட்டில் வைத்தால் பரந்துவிடும். ஓரம் லேசாக நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது வேகாத மாதிரிதான் இருக்கும். ஆறினால் சரியாகிவிடும்.

அவள் வைத்த பரீட்சை ஒன்று உண்டு. நாக்கின் மேல் வைத்து மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டு விரல் மடக்கி எண்ண வேண்டும். பத்து வருவதற்குள் கரைந்தால் பாஸ்.

அக்கா சாப்பிடுகிறாளா?

இப்படிக்கு,
உங்கள் மகன்


ஏப்ரல் 4

சின்னவனுக்கு.

உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்னும் உங்கள், நீங்கள்தான். இருக்கட்டும்.

ஐந்தாவது தடவை கரைந்தது. எட்டு எண்ணும்போதே வாயில் ஒன்றுமில்லை. டைப்பிஸ்ட் பெண் முன்னால் ஐந்து விரலையும் மூன்று விரலையும் மடக்கிக்கொண்டு நின்றேன். எனக்குக் கை பிடித்துக்கொண்டதோ என்று பயந்துபோனாள்.

ஆனால் இது சுண்டெலியின் பிஸ்கட் இல்லை. இனிப்பாக ஒரு மாவு, அவ்வளவுதான். இரண்டு கோடு போட்டிருக்கிறாளே, அது இல்லாமல் எப்படி? அதனால் ஐந்து விதமாகப் போட்டேன். ஏலக்காய், பட்டை, காப்பித் தூள், மிளகு, எலுமிச்சை. ஐந்தையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி நூலில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். ஒரு முடிச்சு ஏலக்காய், ஐந்து முடிச்சு எலுமிச்சை. எது என்று சொல்.

சீக்கிரம் சொல். நேற்று ஆலையில் அக்கா மயங்கி விழுந்திருக்கிறாள். இரண்டு பேர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். டாக்டர் அவளை எடை மெஷினில் நிறுத்திவிட்டு என்னைத் திட்டினார். “அம்மா, நீங்க பக்கத்துல இருந்து என்ன பண்றீங்க?” என்று கேட்டார். நான் பிஸ்கட் செய்கிறேன் என்றா சொல்ல முடியும்?

அவளுடைய துப்பட்டாவில் வெண்ணெய் வாசனை அடிக்கிறதாம். மாடி வீட்டில் செய்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரியாக வரும்வரை அவள் கண்ணில் காட்ட மாட்டேன். தப்பான ஒன்றைக் கொடுத்து, இதுதான் உன் பிள்ளை செய்தது என்று சொல்ல என்னால் ஆகாது.

அம்மா


ஏப்ரல் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அக்கா மயங்கி விழுந்ததைப் படித்ததிலிருந்து கை ஓடவில்லை.

ஐந்தும் வந்தன. பதம் சரியாக இருக்கிறது. பேக்கரியில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் உங்களை. சோதிக்கிறபோது ஐந்து பொட்டலத்தையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள், ஆனால் வாசனையை வைத்துப் பிரித்துவிட்டேன்.

இந்த ஐந்தும் இல்லை. அது கடைசியில் மூக்கில் ஏறும். ஓரத்தில் லேசாகக் கசக்கும். நீங்கள் இனிமேல் கடை கடையாகத் தேடி அலைய வேண்டாம். அது கடையில் வாங்குகிற சாமான் இல்லை.

ஏலக்காய் போட்டதையே அக்காவுக்குக் கொடுத்துவிடுங்கள். அவள் தின்றதில்லை, அதனால் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. வயிற்றுக்கு ஏதாவது போனால் போதும். தயவு செய்து இதோடு நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்


மே 5

சின்னவனே,

அது என்னவென்று உனக்குத் தெரியாது என்று ஜனவரி முப்பதாம் தேதி எழுதினாய். கடிதம் என் கையில் இருக்கிறது. தெரியாதவனுக்கு அது கடைச் சாமான் இல்லை என்று மட்டும் எப்படித் தெரிந்தது?

ஐந்து வாசனையைக் கலந்து கொட்டினாலும் பிரிக்கிற மூக்கு உனக்கு. மூட்டையைத் திறக்காமலே மாவு பழையதா புதியதா என்பாய். வாயில் போட்டுத் தின்றதை என்னவென்று தெரியாது என்கிறாய். ஏழு வயதில் ஜாடியை உடைத்துவிட்டுப் பூனை என்றாயே, அப்போதும் இப்படித்தான் தயவு செய்து என்று ஆரம்பித்தாய்.

யாரிடமிருந்து மறைக்கிறாய்? என்னிடமிருந்தா?

அது என்ன?

அம்மா


ஜூன் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாது அம்மா. நம்புங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்களிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அக்கா எப்படி இருக்கிறாள்? பிஸ்கட்டைப் பற்றி எழுத வேண்டாம். நலமா இல்லையா என்று மட்டும் இரண்டு வார்த்தை போடுங்கள்.

உங்கள் மகன்


ஆகஸ்ட் 3

சின்னவனுக்கு,

எழுத வேண்டியது என்னவென்று மே மாதமே தெரிந்துவிட்டது. எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

கடையில் இல்லை என்றால் வீட்டில். சின்னக் கைக்குள் அடங்க வேண்டும், காய்ந்திருக்க வேண்டும், கசக்க வேண்டும். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். உன் வீட்டை விட்டு அக்கா வீட்டுக்கு வந்த பிறகு அடித்துணிகளை நான் கலைக்கவே இல்லை. கம்பளிச் சட்டைக்குக் கீழே அந்தக் கட்டம் போட்ட துணி கிடந்தது. வெறும் துணி. வெறும் துணியை மடித்து ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது. இரண்டு காது வைத்த முடிச்சு. ஷூ லேஸ் கட்டப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்களே, அது.

உன் பெண்டாட்டி எறிந்திருந்தால் துணியோடு எறிந்திருப்பாள். எறிந்துவிட்டு வெறும் துணிக்கு லேஸ் முடிச்சா போட்டு வைப்பாள்? அன்றைக்கும் இந்த முடிச்சைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அவளைத் திட்டினேன். எல்லாம் நினைவில் இருக்கிறது என்று பெருமை பேசுகிறவள் நான். கண்ணால் பார்த்ததை இரண்டரை வருடம் கழித்துத்தான் படித்தேன்.

நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன். இதை ஒரு தடவையாவது யாராவது எழுத வேண்டும்.

வியாழக்கிழமை. பள்ளி விடுமுறை. ஷிப்டுக்குப் போகும் வழியில் அக்கா பிள்ளையை நம் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு நீ உள்ளே வந்தாய். இன்னொரு மாஸ்டர் வரவில்லை என்று இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் பார்த்திருந்தாய். கண் சிவந்திருந்தது. ஒரு ஷூவைக் கழற்றியிருந்தாய்.

நான் நடுக்கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். உன் பெண்டாட்டி, “நான் எடுக்கலைங்க அத்தை” என்றாள். “அப்போ பெட்டியே தின்னுடுச்சா?” என்றேன்.

நீ சொன்னாய்: “அம்மா, ஒரு மணி நேரம் தூங்கிட்டு வாங்கிட்டு வந்து தரேன். கண்ணு சொருகுது.”

நான் சொன்னேன்: “உன் பொண்டாட்டி தூக்கி எறிஞ்சத நீ இப்பவே போய் வாங்கிட்டு வா. ஆரஞ்சு இந்த வாசப்படி ஏறுற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது.”

“உனக்குத்தான் பல்லே இல்லையேம்மா” என்றாய், சிரிக்க வைக்கலாம் என்று. நான் சிரிக்கவில்லை.

சுண்டெலி என் பக்கத்தில் வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். “பாட்டி, ஆ காட்டு” என்றாள். “போடி அந்தப் பக்கம். திருட்டு வீட்டுல எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றேன். பொட்டலத்தை மறுபடி மடித்துக்கொண்டாள். திருட்டு என்ற வார்த்தைக்கு அந்த முகம் எப்படி ஆயிற்று என்று எனக்கு இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்தது, ஏனென்றுதான் தெரியவில்லை. பிறகு, “நானும் வரேன் மாமா. பெரிய பழமா நான் பாத்து எடுக்கறேன்” என்று ஓடினாள்.

நீ கழற்றிய ஷூவை மறுபடி மாட்டினாய்.

கோர்ட்டில் நீதிபதி கேட்டார், இரண்டு ஷிப்டு முடித்தவன் எதற்காக வண்டியை எடுத்தாய் என்று. “சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு” என்றாய். தூங்காதவன் ஊர் சுற்றப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனான் என்று எழுதி ஐந்து வருடம் கொடுத்தார்கள். கோர்ட் வாசலில் உன் அக்கா உன் மேல் மண்ணை வாரித் தூற்றினாள். நீதிபதி கேட்டபோது நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். என் வாயில் பல்தான் இல்லை, நாக்கு இருந்தது.

ஏன் பேசவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பேசினால் அக்கா என்னை வீட்டுக்குள் விட மாட்டாள் என்று பயந்தேன். பயத்தின் மேல் உன் மீது கோபத்தைப் போட்டு மூடினேன். நாளாக ஆக, கோபம்தான் உண்மை என்று எனக்கே ஆகிவிட்டது.

உன் பெண்டாட்டிக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் வந்தது. மூன்றே வார்த்தை. “நான்தான் அன்றைக்கே சொன்னேன்.”

ஆரஞ்சு வாங்கி, தோலை உரித்து, துணிக்கு நடுவே வைத்தேன். காய்ந்து அந்தப் பழைய வாசனை வர எட்டு வாரம் ஆயிற்று. உள்பக்கத்து வெள்ளையைச் சுரண்டவில்லை, பிள்ளைக்குச் சுரண்டத் தெரிந்திருக்காது. கையால் நொறுக்கி ஒரு பிடி போட்டேன். என் பிடி இல்லை. ஏழு வயதுப் பிடி.

பார்சல் வருகிறது. ஏழாவது தடவை. இதுதானா என்று சொல்.

அம்மா


ஆகஸ்ட் 22

அம்மா,

இதுதான்.

தூளாகத்தான் வந்தது. உள்ளங்கையில் கொட்டி நக்கினேன். பக்கத்தில் இருந்தவன் என்ன மருந்தா என்று கேட்டான்.

நீ கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன். மாவில் போட்டபோது எனக்குத் தெரியாது, அது நிஜம். வண்டியில் ஏறியதும் அவளே சொல்லிவிட்டாள். “மாமா, பாட்டி அத்தைய திட்டல, என்னத்தான் திட்டுச்சு. நான்தான் எடுத்தேன். பழம் வாங்கிக் குடுத்துட்டு சொல்லிடறேன், அப்போ அடிக்காதுல்ல?” என்றாள். ஏன்டி அதை எடுத்தாய் என்று கேட்டேன். “பாட்டி வாசன வந்தாத்தானே அது பாட்டி பிஸ்கட்” என்றாள். நான் சிரித்தேன். அதுதான் கடைசியாக எனக்கு நினைவிருப்பது. கண்ணை மூடினது எப்போது என்று தெரியாது. நீ போகச் சொன்னாய். ஓட்டினது நான். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும், சொல்லவில்லை.

அக்காவிடம் பிஸ்கட்டைக் கொடு. எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே. என்னை வெறுத்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறாள். அதையும் அவளிடமிருந்து பிடுங்காதே. அவளை விட்டால் உனக்கும் போக இடம் கிடையாது. நான் கோர்ட்டில் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்.

நீ ஒழுங்காக மாத்திரை போடு.

சின்னவன்


செப்டம்பர் 14

சின்னவனுக்கு,

நீ என்று எழுதிவிட்டாய். பார்த்தேன்.

சொல்லிவிட்டேன். உன் பேச்சைக் கேட்கவில்லை. அக்காவுக்கு வார விடுமுறை, மதியம். டப்பாவை மேசையில் வைத்தேன், மூடியைத் திறக்கவில்லை. முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் திறக்க வேண்டும் என்று மாடிப்படி இறங்கும்போதே முடிவு பண்ணியிருந்தேன். தின்ற பிறகு சொன்னால் அது ஏமாற்றுவது.

ஷூவிலிருந்து பெஞ்சுவரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் மேசை ஓரத்தில் இருந்த ஒரு நூலைத் திரித்துக்கொண்டே இருந்தாள். முடித்த பிறகு கேட்டாள்.

“கோர்ட்டுல என் பக்கத்துலதானே உக்காந்திருந்த?”

“ஆமா.”

“நான் அவன் மேல மண்ண தூத்தினப்போ என் கைய புடிச்சது நீதானே?”

“ஆமா.”

“எதுக்குப் புடிச்ச? தடுக்கவா, தூத்துன்னு சொல்லவா?”

எனக்கு நினைவில்லாத ஒன்றைக் கேட்டுவிட்டாள். 

“இத்தன நாள் அவன வெறுத்துட்டு இருந்தேன்,” என்றாள். “இனிமே யார வெறுக்கறது, சொல்லு.”

“என்னத்தான்.”

“உன்ன வெறுத்துட்டு யாரு கையால சாப்பிடறது?”

சத்தமே இல்லாமல் சொன்னாள். கத்தியிருக்கலாம். நான் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் பேச உட்கார்ந்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். போ என்றும் சொல்லவில்லை, உள்ளே கொண்டுவா என்றும் சொல்லவில்லை.

பிறகு டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். “பாட்டி வாசன” என்றாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே சொன்னாள். ஒன்றை எடுத்து நாக்கில் வைத்து வாயை மூடினாள். எப்படித் தின்ன வேண்டும் என்று நான் சொல்ல, ஒவ்வொரு விரலாக மடக்கினாள். எண்ணிக்கை அவள் வாயில் வரவில்லை, நான்தான் எண்ணினேன். ஏழில் அவள் தொண்டை அசைந்தது. கரைந்துவிட்டது. நான் நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. எட்டு, ஒன்பது என்று வெறும் வாயை மூடிக்கொண்டே மடக்கிக்கொண்டு போனாள். பத்தாவது விரலை மடக்கவில்லை. அதை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அவள் என்னோடு பேசவில்லை. நான் வைப்பதைத் தின்கிறாள். தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறாள். அவ்வளவுதான். என் பெட்டி இன்னும் வாசல் பக்கம்தான் இருக்கிறது. தினம் காலையில் அவள் அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாள், சாயந்தரம் சுற்றிக்கொண்டு உள்ளே வருகிறாள். கம்பளிச் சட்டையை எடுக்க நானும் வாசலுக்குத்தான் போகிறேன்.

கடிதத்தின் தலையில் எழுத வேண்டியதை ஜனவரியிலிருந்து பாக்கி வைத்திருக்கிறேன். அடியில் எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

நான் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய், என் மகனே?

அம்மா